இன்ஜினை மாற்றினீர்கள், பெட்ரோல் வழியை?

ஒரே இன்ஜின் வயலையும் உழுதது, பந்தயத்திலும் ஓடியது என்றால் நம்பக் கொஞ்சம் கடினம்தான். ஆனால் நடந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி நான்கு சிலிண்டர் இன்ஜின் ஒன்றை உருவாக்கியது. வேன்கார்ட் என்ற குடும்பக் காரில் அதைப் பொருத்தினார்கள். அதே குடும்பத்து இன்ஜின் ஃபெர்குசன் டிஇ20 டிராக்டரில் ஏறிக் கலப்பை இழுத்தது. 1950ல் மோர்கன் பிளஸ் 4 என்ற ஸ்போர்ட்ஸ் காருக்குப் போனது. 1953ல் 1,991 சிசி அளவில், இரட்டைக் கார்புரேட்டரோடு டிரையம்ப் டிஆர்2 காரில் அமர்ந்து 90 குதிரைத்திறன் கொடுத்தது. முப்பதாண்டுகள் கழித்து, 1985ல், சென்னையின் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் ரோவர் எஸ்டி1 காரின் உடலை எடுத்து, அதன் 3.5 லிட்டர் வி8 இன்ஜினை விட்டுவிட்டு, இந்தப் பழைய 1,991 சிசி இன்ஜினின் திருத்திய வடிவத்தை வைத்து ‘ஸ்டாண்டர்ட் 2000’ என்று விற்றது. சாலையில் அந்தக் காரின் அழகைத் திரும்பிப் பார்க்காதவர் குறைவு. இழுவை மட்டும் ரோவரில் ஏறக்குறைய பாதிதான். சில ஆண்டுகளிலேயே உற்பத்தி நின்றுபோனது.

இந்த வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு விஷயம். டிராக்டரில் எரிபொருள் தொட்டி இன்ஜினுக்கு நேர் மேலே, பானெட்டுக்குள் இருந்தது. பம்ப் கிடையாது. புவியீர்ப்பிலேயே கார்புரேட்டருக்கு இறங்கும். டிஆர்2 காரில் டேங்க் பின்சக்கரப் பக்கம் போய்விட்டது. அங்கிருந்து இழுத்துவர இன்ஜினின் பக்கவாட்டில் ஒரு பம்ப் தேவைப்பட்டது. இன்ஜின் ஒன்றே, அதன் பசியும் ஒரே வகை. ஆனால் உணவு வரும் வழி முற்றிலும் வேறு. எரிபொருள் வழி என்பது இன்ஜினுக்குச் சொந்தமானது இல்லை; வண்டிக்குச் சொந்தமானது. இன்ஜின் மாற்றிய ஸ்போர்ட்ஸ் கார்களில் வரும் எரிபொருள் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு உண்மையை மறந்ததால் வருபவை.

கம்பெனியிலிருந்து வரும் காரில் டேங்க், பம்ப், ஃபில்டர், குழாய், இன்ஜெக்டர், அவற்றை ஆளும் கணினி எல்லாம் ஒன்றையொன்று அறிந்து வடிவமைக்கப்பட்டவை. இன்ஜின் மாற்றிய காரில் டேங்க் ஒரு காருடையது, இன்ஜின் இன்னொன்றுடையது, பம்ப் கடையில் கிடைத்தது. எந்தக் கம்பெனியின் சர்வீஸ் புத்தகத்திலும் இந்த வண்டிக்குப் பக்கம் இல்லை. கோளாறு தேடுகிறவருக்குத் துணை இயற்பியல் மட்டும்தான்.

தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு நல்ல மரபு உண்டு. கோயம்புத்தூர் எஸ். கரிவரதன் 1980களின் இறுதியில் மாருதி 800 காரின் 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜினை எடுத்து, ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்து, ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டினார். ஃபார்முலா மாருதி என்று அதற்குப் பெயர். வீட்டுச் சாமான் வாங்கப் போகும் காரில் முன்பக்கம் குறுக்காகப் படுத்துக்கிடந்த இன்ஜின், பின்னால் போய்ப் பின்சக்கரங்களை ஓட்டியது. சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்திலும் பிறகு இருங்காட்டுக்கோட்டைத் தடத்திலும் ஒரு தலைமுறை ஓட்டுநர்கள் இத்தகைய கார்களில்தான் பழகினார்கள். 2005ல் இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 ஓட்டுநராக ஆன நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஃபார்முலா மாருதி ஓட்டியவர். கரிவரதன் 1995ல் விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தடம் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. எளிய இன்ஜினை வேறு உடலில் வைத்து நம்பகமாக ஓடவைக்கலாம் என்று அவர் காட்டிவிட்டார். அதற்கு வேண்டியது வழி முழுவதையும் புதிதாக யோசிக்கும் பொறுமை.

அந்த யோசனையின் முதல் பாடத்துக்கு நான் எங்கள் பக்கத்துக் கிணற்று மேட்டுக்கே உங்களை அழைக்கிறேன். புதுக்கோட்டை மாவட்டம் குன்றாண்டார்கோவில். பல்லவர் காலக் குடைவரைக்கும், குதிரைகள் இழுக்கும் தேராகச் செதுக்கிய நூற்றுக்கால் மண்டபத்துக்கும் பெயர் பெற்ற ஊர். காவிரிக் கால்வாய் எட்டாத வறண்ட பூமி. குளத்தையும் கிணற்றையும் நம்பித்தான் வெள்ளாமை. இங்கே கரன்ட் மோட்டாருக்கு முன்பும், இணைப்பு கிடைக்காத இடங்களில் பின்பும், ஆயில் இன்ஜின்தான் தண்ணீர் இறைத்தது. கிணற்றில் நீர்மட்டம் இறங்க இறங்க, உள்ளே திட்டு அமைத்து பம்பையும் கீழே இறக்குவார்கள். ஏன்? பம்ப் தண்ணீரை இழுப்பதில்லை. குழாய்க்குள் அது காற்றழுத்தத்தைக் குறைக்கிறது. வெளியே உள்ள வளிமண்டலம் தண்ணீரை மேலே தள்ளுகிறது. வளிமண்டலத்தின் பலம் கணக்குப்படி 10.3 மீட்டர், நடைமுறையில் ஏழு மீட்டர் தாண்டினாலே திணறும். ஆனால் பம்புக்கு மேலே எத்தனை உயரமானாலும், அதற்குத் திறன் இருக்கும்வரை, தள்ளிக்கொண்டே இருக்கலாம். இழுப்பதற்கு எல்லை உண்டு, தள்ளுவதற்கு அந்த எல்லை இல்லை. பம்பைத் தண்ணீருக்குப் பக்கத்தில் வை, மேலே தள்ளவிடு. இதை எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போகாதவருக்கும் தெரியும்.

இன்னொன்றும் அவர்களுக்குத் தெரியும். பம்புக்குக் கீழே உள்ள குழாயில் ஓட்டை விழுந்தால், ஓடும்போது தண்ணீர் வெளியே சொட்டாது. உள்ளே காற்றுதான் ஏறும். ஈரமே இல்லாத மூட்டுதான் குற்றவாளி. அதனால்தான் இழுப்புக் குழாயின் மூட்டுகளில் களிமண்ணோ சாணியோ அப்பி, ‘ஏர் இழுக்குதா’ என்று பார்க்கிறார்கள்.

இப்போது காருக்கு வாருங்கள். இக்கால இன்ஜெக்டர் கார்களில் பம்ப் டேங்குக்குள்ளேயே, பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கிறது. காரணம் அந்தக் கிணற்றுப் பாடமே. இன்ஜின் மாற்றுகிறவர்கள் பலர் பழைய டேங்கைத் திறக்கப் பயந்து, பம்பை இடம் கிடைத்த இடத்தில், சில சமயம் முன்பக்கம் பானெட்டுக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள். பின்னாலிருந்து மூன்று மீட்டர் குழாய் வழியே இழுக்கச் சொல்கிறார்கள். தண்ணீரானால் ஓரளவு சமாளிக்கும். பெட்ரோல் அப்படி இல்லை. 38 டிகிரி வெப்பத்தில் பெட்ரோலின் ஆவியழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் பாதியைத் தொட்டுவிடும். அதாவது, குழாய்க்குள் அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்தால் பெட்ரோல் அங்கேயே கொதிக்கத் தொடங்கும். சித்திரை வெயிலில், தார்ச்சாலையின் வெக்கைக்கு மேலே, சைலன்சருக்கு அருகே ஓடும் குழாயில் அவ்வளவு குறைக்கக்கூடத் தேவையில்லை. இழுக்கிற பக்கத்தில் ஆவிக் குமிழ்கள் பிறக்கும். திரவத்தைத் தள்ளக் கட்டிய பம்ப் ஆவியைத் தள்ள முடியாமல் வெறுமனே சுழலும். பெட்ரோலே அதற்குக் குளிர்ச்சியும் உயவும் என்பதால், அப்படிச் சுழல்வது பம்பின் ஆயுளையும் தின்னும்.

குமிழ் ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? இன்ஜின் எவ்வளவு சிறிய அளவுகளில் உண்கிறது என்று பார்த்தால் புரியும். 100 குதிரைத்திறன் தரும் நான்கு சிலிண்டர் இன்ஜின் ஒன்று, முழுச் சுமையில் மணிக்குச் சுமார் 30 லிட்டர் பெட்ரோல் கேட்கும். நிமிடத்துக்கு அரை லிட்டர். 6,000 சுற்றில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் வினாடிக்கு 50 முறை பெட்ரோல் தெளிக்க வேண்டும். கணக்குப் போட்டால் ஒரு தெளிப்புக்கு 0.04 மில்லி. ஒரு சொட்டு என்பது சுமார் 0.05 மில்லி. முழு வேகத்தில் பறக்கும் கார்கூட ஒரு வேளைக்கு ஒரு சொட்டுக்கும் குறைவாகத்தான் உண்கிறது! நின்ற இடத்தில் சும்மா ஓடும்போது ஒரு தெளிப்பு, சொட்டில் ஆறில் ஒரு பங்கு. அந்தச் சொட்டை உடைத்துத் துகளாக்கி, அதன் எடையைப்போல் 14.7 மடங்கு காற்றில் கலக்க வேண்டும். லிட்டர் கணக்கில் சொன்னால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 9,000 லிட்டருக்கும் மேல் காற்று. இந்த விகிதத்தில் நூற்றுக்குப் பத்து பிசகினாலே ஓட்டுகிறவருக்குத் தெரியும்.

ஆயில் இன்ஜினின் கணக்கு இதைவிடக் கடுமை. ஐந்து குதிரைத்திறன் டீசல் இன்ஜினில் ஒரு தெளிப்பு அரைச் சொட்டு. நாசில் திறக்கச் சுமார் 200 பார் அழுத்தம் வேண்டும். நம் ஊர் காற்றழுத்தத்தைப்போல் 200 மடங்கு. டீசலை அமுக்கினால் அடங்காது, நேராக நாசிலைத் திறக்கும். காற்றை அமுக்கினால் சுருங்கிக்கொள்ளும். பம்பின் அத்தனை உழைப்பையும் ஒரு சிறு குமிழ் விழுங்கிவிடும். டேங்க் ஒருமுறை வறண்டுபோனால் இன்ஜின் கிளம்பாமல் போவது இதனால்தான். எங்கள் பக்கத்தில் ‘ஏர் பிடிச்சிருக்கு’ என்பார்கள். திருகைத் தளர்த்தி, கையால் பம்பை அடித்து, நுரையில்லாத டீசல் வரும்வரை ஏர் எடுப்பார்கள். எந்த ஸ்போர்ட்ஸ் கார் மெக்கானிக்கும் இவர்களிடம் கற்றுக்கொள்ளலாம் என்பது என் துணிபு. சோதனைக் கருவி ஏதுமில்லாமல், குழாயில் ஓடுவது திரவம் மட்டும்தானா என்ற சரியான கேள்வியை முதலில் கேட்கிறவர்கள் இவர்கள்.

பழைய கார்புரேட்டர் காரில் இன்ஜெக்டர் இன்ஜினை வைத்ததும் வளைவில் மட்டும் இன்ஜின் செத்துப்போகும் ஒரு கோளாறு வரும். நேர்ச்சாலையில் குறையே இருக்காது. டேங்க் முக்கால் நிறைந்திருந்தாலும் வராது. கால் டேங்கில், இடது வளைவில் வேகமாகத் திரும்பும்போது மட்டும் இரண்டு வினாடி இழுவை அறுந்துபோய், நேரானதும் திரும்ப வரும். இதன் விடையை எண்ணி எண்ணி வியந்திருக்கிறேன். நல்ல டயர் உள்ள கார் வளைவில் புவியீர்ப்பில் 0.8 பங்கு பக்கவிசையைத் தாங்கும். அப்போது டேங்கில் பெட்ரோலின் மட்டம் 39 டிகிரி சாயும். பந்தய டயரில் விசை ஒரு முழுப் பங்கானால் 45 டிகிரி. கால் டேங்க் பெட்ரோல் முழுவதும் ஒரு சுவரில் ஏறிக்கொள்ள, உறிஞ்சும் குழாயின் வாய் காற்றில் நிற்கும்.

அப்படியானால் அதே டேங்கோடு பழைய இன்ஜின் இத்தனை ஆண்டு எப்படி ஓடியது? கார்புரேட்டருக்குள் மிதவையோடு ஒரு சிறு கிண்ணம் உண்டு. அதில் 50 மில்லி பெட்ரோல் நின்றால், நிமிடத்துக்கு அரை லிட்டர் கணக்கில் ஆறு வினாடி முழுச் சக்திக்குப் போதும். சாலையின் வளைவு மூன்று நான்கு வினாடியில் முடிந்துவிடும். பின்னால் டேங்க் காற்றை விழுங்கிய செய்தி முன்னால் உள்ள இன்ஜினுக்குத் தெரியவே தெரியாது. கிண்ணம் அதை மறைத்துவிட்டது. இன்ஜெக்டர் முறையில் கிண்ணம் இல்லை. குழாயில் நிற்பது அழுத்தம் மட்டுமே. திரவம் அமுங்காது என்பதால் அதில் சேமிப்பும் இல்லை. பம்ப் ஒரு மிடறு காற்றை விழுங்கிய கணமே அழுத்தம் சரியும். டேங்கின் குறை முப்பது ஆண்டுகளாக இருந்தது. புது இன்ஜின் அதைக் காட்டிக்கொடுத்தது. குறை இன்ஜினில் என்று நினைத்து இன்ஜெக்டரை மாற்றுகிறவர் காசைத்தான் இழப்பார். டேங்குக்குள் தடுப்புச் சுவர் வைக்க வேண்டும், அல்லது ஒன்றிரண்டு லிட்டர் பிடிக்கும் துணை டேங்க் ஒன்றை இடையே வைத்து, சிறு பம்ப் அதை எப்போதும் நிரப்ப, பெரிய பம்ப் அதிலிருந்து எடுக்கும்படி செய்ய வேண்டும்.

கார்புரேட்டரையே வைத்துக்கொள்கிறவர்களுக்கு வேறு கவலை. இன்ஜினைத் திருப்பி வைக்கும்போது மிதவைக் கிண்ணமும் திரும்புகிறது. முன்பு பிரேக் போடும்போது மட்டும் சாய்ந்த பெட்ரோல் இப்போது வளைவில் சாயும். பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டின் வாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரு பக்க வளைவில் மூச்சடைக்கும், மறுபக்க வளைவில் வழியும்.

அடுத்து, கோடையில் எல்லோரையும் அலைக்கழிக்கும் கோளாறு. காலையில் கிளம்பும், நன்றாக ஓடும். திருச்சியிலிருந்து புதுக்கோட்டைச் சாலையில் கீரனூர் நெருங்கும்போது இரண்டு மூன்று முறை குலுக்கிவிட்டு நின்றுவிடும். அரை மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். ஆவி அடைப்பு என்று சொல்லிவிடத் தோன்றும். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் இதே அறிகுறியை வேறு இரண்டு கோளாறுகளும் அச்சுப் பிசகாமல் காட்டும். டேங்கின் காற்றுத் துளை அடைபட்டிருந்தால், பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உருவாகி பம்போடு மல்லுக்கட்டும். நின்றபின் மெல்லக் காற்று கசிந்து ஏறி வண்டி கிளம்பும். பழைய டேங்கின் துருவும் மண்டியும் உறிஞ்சும் வாயின் வலையில் அப்பிக்கொண்டாலும் அப்படித்தான்: ஓடும்வரை இழுவிசை அழுக்கைப் பிடித்துவைக்கும், நின்றதும் அது உதிர்ந்து கீழே இறங்கும், வழி திறக்கும்.

மூன்றையும் பிரிக்கும் வழி, வண்டி நின்ற அந்த நிமிடத்தில்தான் கிடைக்கும். முதலில் டேங்க் மூடியைத் திற. உஸ் என்று காற்று உள்ளே பாய்ந்து, உடனே வண்டி கிளம்பினால் காற்றுத் துளைதான். இல்லையென்றால் இழுப்புக் குழாயின் மீதும் பம்பின் மீதும் ஈரத்துணி போடு. ஐந்து நிமிடத்தில் உயிர் வந்தால் வெப்பம். இரண்டுக்கும் மசியாமல் நேரம் மட்டுமே மருந்தானால் டேங்கைக் கழற்றிப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. உறுதி செய்ய இன்னொரு வழியும் உண்டு. வண்டியை நிறுத்திவைத்த இடத்தில், டேங்கை வழியிலிருந்து விலக்கி, சுத்தமான ஒரு பெட்ரோல் கேனிலிருந்து பம்புக்குக் கொடுத்துப் பார்ப்பது. குறை மறைந்தால் கோளாறு பம்புக்குப் பின்னே டேங்கின் பக்கம், தொடர்ந்தால் பம்பிலோ அதற்கு முன்னே இன்ஜின் பக்கத்திலோ. பாதி வழியை ஒரே சோதனையில் கழித்துவிடலாம்.

பம்பிலோ அதற்கு முன்னேயோ என்று தெரிந்தால் இனி ஊகத்துக்கு வேலை இல்லை, பிரஷர் கேஜ் பேச வேண்டும். கார்புரேட்டருக்கு 0.2, 0.3 பார் போதும். அதற்கு மேல் போனால் மிதவையின் ஊசி தாங்காது, வழிந்துவிடும். இன்ஜெக்டருக்குப் பெரும்பாலும் 3 பாரை ஒட்டி வேண்டும். இன்ஜெக்டர் வழியே பாயும் அளவு, அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறும். 3 பார் 2 பாராகக் குறைந்தால் பெட்ரோல் மூன்றில் ஒரு பங்கு குறையாது, 18 விழுக்காடு குறையும். மெதுவாக ஓட்டும்போது ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துக் கணினி இதைச் சரிக்கட்டிவிடும், குறை வெளியே தெரியாது. முழு ஆக்சிலரேட்டரில் பல கணினிகள் சென்சாரைப் பார்க்காமல் மனப்பாடக் கணக்கில் பெட்ரோல் விடும். அங்கே 18 விழுக்காடு குறைந்தால் வெப்பம் ஏறி பிஸ்டன் உருகும் அளவுக்குப் போகலாம். ‘பிக்கப் கொஞ்சம் கம்மி’ என்று தள்ளிப்போடுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

பட்டறையில் நிறுத்திவைத்துக் கேஜில் 3 பார் காட்டியதும் பம்ப் நல்லது என்று சான்று கொடுப்பதும் பெரிய பிழை. சும்மா ஓடும் இன்ஜின் மணிக்கு ஒரு லிட்டர்கூடக் கேட்பதில்லை. முழுச் சுமையில் கேட்பது 30 லிட்டர். முப்பது மடங்குக்கு மேல் வித்தியாசம். பாதி அடைத்த ஃபில்டரும் ஓய்ந்துபோன பம்பும் ஒரு லிட்டருக்கு அழுத்தம் காட்டிவிடும். அதனால்தான் அனுபவசாலிகள் நீளமான குழாயில் கேஜை இணைத்து, முன்கண்ணாடிக்கு வெளியே டேப் போட்டு ஒட்டி, சாலையில் ஓட்டிக்கொண்டே முள்ளைப் பார்க்கிறார்கள். முழு ஆக்சிலரேட்டரில் முள் சரிந்தால் ஃபில்டர், பம்ப், பம்புக்குப் போகும் கரன்ட், இந்த மூன்றுக்குள்தான் பதில்.

அழுத்தம் அதிகமாகி வரும் கோளாறும் உண்டு. அதன் வேர் சென்னை புதுப்பேட்டை மாதிரியான பழைய உதிரிபாகச் சந்தைகளில் கிடக்கிறது. முன்பெல்லாம் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் இன்ஜினின் மேலேயே, இன்ஜெக்டர் வரிசையின் முடிவில் இருக்கும். மிச்சமான பெட்ரோலை ரிட்டர்ன் குழாய் டேங்குக்குத் திருப்பி அனுப்பும். பிற்காலக் கார்கள் பலவற்றில் ரெகுலேட்டரைப் பம்போடு சேர்த்து டேங்குக்குள் வைத்துவிட்டார்கள். இன்ஜினை வாங்கி வருகிறவர் இன்ஜினை மட்டும் தூக்கி வருகிறார். அதன் ரெகுலேட்டர் வேறொரு காரின் டேங்குக்குள்ளேயே தங்கிவிடுகிறது! பிறகு வெளியே வாங்கிய பம்பைக் கட்டுப்பாடில்லாமல் இணைத்தால், தேவைக்கு இரண்டு மடங்கு அழுத்தம்கூட ஏறும். கரும்புகை, பெட்ரோல் வாடை, கரி படிந்த பிளக். கணினியைக் குறை சொல்லி அதை மாற்றி, சென்சார்களை ஒவ்வொன்றாக மாற்றி, கடைசியில் கேஜ் வைக்கும்போது உண்மை வெளிவரும். கேஜை முதலில் வைத்திருந்தால் அத்தனை செலவும் மிச்சம்.

கரன்ட் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய காரின் மெல்லிய ஒயரில் புதிய பம்பை இணைத்தால் வழியிலேயே வோல்ட் குறையும்; பம்ப் மெதுவாகச் சுழலும். பேட்டரி முனையிலும் பம்ப் முனையிலும், பம்ப் ஓடும்போதே அளந்து பாருங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. எர்த் ஒயரையும் சேர்த்து அளக்க வேண்டும். பெயின்ட் மேல் முடுக்கிய எர்த்தால் கெட்ட வண்டிகள் ஏராளம். சாவி போட்டதும் பம்ப் நேரடியாக ஓடும்படி ஒயர் இழுப்பது ஆபத்து. கம்பெனி முறையில் சாவி திருப்பியதும் இரண்டு மூன்று வினாடி முனகிவிட்டு பம்ப் நின்றுவிடும். இன்ஜின் சுழல்கிறது என்று கணினிக்குத் தெரிந்தால்தான் ரிலே அதை மீண்டும் ஓட்டும். விபத்தில் இன்ஜின் நின்றால் பம்பும் நிற்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. நேரடி ஒயரில் கார் கவிழ்ந்துகிடந்தாலும் பம்ப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும்.

இப்போது இன்னொரு மாற்றமும் சேர்ந்திருக்கிறது. 2023 பிப்ரவரியில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் நாட்டில் அறிமுகமானது. இன்று பங்க்குகளில் கிடைப்பது பெரும்பாலும் அதுதான். எத்தனாலுக்குத் தேவையான காற்று குறைவு: எடையில் 9 மடங்கு. கலவைக்குக் கணக்கிட்டால் 14.7 என்பது 13.5 ஆகிறது. சென்சாரைப் பார்க்கும் நேரங்களில் இன்ஜெக்டர் கணினி தானாகச் சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்குக் கண் இல்லை. பழைய ஜெட்டோடு ஓடினால் பெட்ரோல் சுமார் 8 விழுக்காடு போதாமல் நிற்கும். ஜெட்டின் அளவைக் கூட்ட வேண்டும். எத்தனால் பழைய ரப்பரை உப்பவைத்து, பிறகு வெடிக்கவைக்கும். ஈரத்தையும் உறிஞ்சும். மாதக்கணக்கில் கொட்டகையில் நிற்கும் காரில் அந்த ஈரம் அடியில் தனியாகப் பிரிந்து டேங்கின் துருவுக்குத் தீனி போடும். வாரக் கடைசியில் மட்டும் எடுக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கு இது தினசரி ஓடும் வண்டியை விடப் பெரிய பிரச்சினை.

சில எச்சரிக்கைகள். பிரஷர் குழாயைக் கழற்றுமுன் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓட்டி அழுத்தத்தை இறக்குங்கள். 3 பாரில் பீய்ச்சும் பெட்ரோல் கண்ணைத் தேடி வரும், சூடான சைலன்சரையும் தேடிப் போகும். கார்புரேட்டர் காலத்து ரப்பர் குழாயை இன்ஜெக்டர் அழுத்தத்துக்குப் போடவே போடாதீர்கள். அதற்கென்று தனிக் குழாயும் தனிக் கிளிப்பும் விற்கின்றன. பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது, தரையோடு படர்ந்து பத்தடி தள்ளி இருக்கும் பொறியைத் தேடும். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். 1988ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, கம்பெனியின் மூல விவரக் குறிப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இன்ஜினை மாற்றினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதியும் ஆர்.சி.யில் பதிவும் இல்லாமல் பொதுச்சாலையில் ஓட்ட முடியாது, இன்சூரன்சும் கைகொடுக்காது. பந்தயத் தடத்துக்கான கார் என்றால் அங்குள்ள ஆய்வாளர்களும் டேங்கையும் குழாயையும் குனிந்து பார்ப்பார்கள்.

இன்ஜின் மாற்றும் எண்ணத்தில் இருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஒரு வேண்டுகோள். இன்ஜினுக்கு விலை பேசும்போதே அதன் பழைய காரின் டேங்கையும் திறந்து பார்த்து, பம்ப் யூனிட்டையும் ரெகுலேட்டரையும் சேர்த்துக் கேளுங்கள். கையில் இருக்கும் பணத்தில் ஒரு பகுதியைத் தடுப்புச் சுவர் வைத்த டேங்குக்கும், சரியான குழாய்க்கும், தடித்த ஒயருக்கும் ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் இன்ஜின் வாங்குங்கள். குதிரைத்திறன் பத்து குறைந்தாலும் பரவாயில்லை. முதல் உதிரிபாகத்தை மாற்றுவதற்கு முன் ஒரு பிரஷர் கேஜ் வாங்கிவிடுங்கள்.